கென்யாவின் ஹுடுமா நம்பா: முதலில் கைரேகை, பிறகு சட்டம்

எதைப் பற்றிய ஆய்வு

கென்ய அரசு 2019-ல், ஆளுக்கு ஓர் அடையாள எண் கொடுக்கும் ஹுடுமா நம்பா என்ற திட்டத்தின் மூலம், நாட்டில் வசிக்கும் எல்லோரையும் ஒரே மின்னணுப் பதிவேட்டுக்குள் கொண்டுவரக் கிளம்பியது. இரண்டு மாதத்துக்குள் ஏறக்குறைய 3.7 கோடிப் பேர் வரிசையில் நின்று கைரேகை கொடுத்தார்கள். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்த மக்கள்தொகையே 4.76 கோடிதான். இவ்வளவு பேர் சேர்ந்த திட்டம் இரண்டரை ஆண்டுக்குள் நீதிமன்றத்தில் முடங்கியது. அடுத்து வந்த அரசு அந்தப் பெயரையே கைவிட்டு, வேறொரு எண்ணோடு முதலிலிருந்து தொடங்கியது.

எங்கே தொடங்கி எங்கே போய் நின்றது என்பதைக் கால வரிசையில் இங்கே தொகுத்திருக்கிறேன். திட்டத்தை நடத்திய அமைச்சர்கள், அலுவலர்கள், வழக்குப் போட்டவர்கள், சாட்சிகள், நீதிபதிகள் யாருக்கும் பெயர் சொல்லவில்லை. அமைப்புகளின் பெயர் மட்டும் தேவையான இடத்தில் வரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவிகள் வேலை செய்தன, மக்களும் வந்தார்கள். வேலைகளை எந்த வரிசையில் செய்தார்கள் என்பதில்தான் திட்டம் இடறியது.

பின்னணி: அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை

மின்னணு அரசுச் சேவையில் கென்யா பின்தங்கிய நாடு இல்லை. 2007-ல் வந்த எம்-பெசா, சாதாரண பட்டன் கைபேசியிலேயே பணம் அனுப்பவும் வாங்கவும் மக்களைப் பழக்கிவிட்டது. காய்கறிக் கடையிலிருந்து பள்ளிக் கட்டணம் வரை அதில் போகிறது. அந்தப் பழக்கத்தின் மேல்தான் அரசு தன் சேவைகளைக் கட்டியது.

2013 நவம்பரில் நைரோபியின் தலைமை அஞ்சலகக் கட்டடத்தில் முதல் ஹுடுமா மையம் திறந்தது. ஹுடுமா என்றால் சுவாஹிலியில் சேவை. அதற்கு முன்பு தொலைந்த அடையாள அட்டைக்கு ஓர் அலுவலகம், பிறப்புச் சான்றிதழுக்கு இன்னொன்று, மருத்துவக் காப்பீட்டுக்கு வேறொன்று என்று ஏறி இறங்க வேண்டும். இப்போது ஒரே கூடத்தில் வரிசையாகக் கவுண்டர்கள், கையில் டோக்கன். நைரோபியில் தொடங்கிய மையங்கள் சில ஆண்டுகளில் எல்லாக் கவுண்டிகளுக்கும் பரவின. கவுண்டி என்பது நம் மாவட்டம் போல, மொத்தம் 47.

2014-ல் ஈசிட்டிசன் இணையதளம் வந்தது. ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் விண்ணப்பம், தொழில் பதிவு, நிலப் பத்திரத் தேடல் போன்றவற்றை அதில் செய்து, எம்-பெசாவில் கட்டணம் கட்டலாம். ஒவ்வொரு முறையும் சேவைக் கட்டணமாக 50 ஷில்லிங் சேர்த்து வாங்கினார்கள். மக்கள் முணுமுணுத்தாலும் கட்டினார்கள். புரோக்கருக்குக் கொடுத்ததைவிட அது குறைவு.

இந்த இரண்டும் ஏன் ஓடின என்று பார்த்தால், வேலை இருக்கிறவர் தானாக வருகிறார், வந்த வேலை முடிகிறது, அப்புறம் போகிறார். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு வாசல் உண்டு. அடையாள அட்டை எண்ணைத் தட்டாமல் கென்யக் குடிமகன் ஒருவர் ஈசிட்டிசனில் கணக்குத் திறக்க முடியாது. சிம் கார்டுக்கும் அதே எண்தான், எம்-பெசாவுக்கும் அதே எண்தான்.

அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

கென்யாவில் அடையாள அட்டையின் வரலாறு இனிமையானது அல்ல. பிரிட்டிஷ் ஆட்சியில் ஆப்பிரிக்க ஆண்கள் ‘கிபான்டே’ என்ற பதிவுச் சீட்டைத் தகரக் குப்பியில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டியிருந்தது. கைரேகை, வேலைக்கு வைத்திருந்த முதலாளி, கூலி எல்லாம் அதில் இருக்கும். பிறகு அந்தக் குப்பி போய் அட்டை வந்தது. 18 வயது ஆனவர்கள் எல்லோரும் வாங்க வேண்டும்.

பெரும்பாலான கென்யர்களுக்கு இது சாதாரண நடைமுறை. பிறப்புச் சான்றிதழையும் பெற்றோரின் அட்டை நகலையும் எடுத்துக்கொண்டு ஊர் நிர்வாகியான சீஃபிடம் போனால் வேலை நடக்கும். சில சமூகங்களுக்கு மட்டும் அப்படி இல்லை. நைரோபியின் கிபேரா பகுதியில் வாழும் நூபியர்களை எடுத்துக்கொள்வோம். இவர்களின் முன்னோர் பிரிட்டிஷ் படையில் சேர்க்கப்பட்டுச் சூடானிலிருந்து வந்த வீரர்கள். நூறு ஆண்டுக்கு மேலாக அங்கேயே இருக்கிறார்கள். ஆனாலும் 18 வயதான ஒரு நூபியப் பையன் அட்டை கேட்டுப் போனால், ‘வெட்டிங்’ என்கிற சரிபார்ப்புக் குழுவின் முன் உட்கார வேண்டியிருந்தது. குழு குறிப்பிட்ட நாளில்தான் கூடும். தாத்தா பாட்டியின் காகிதங்கள் எங்கே என்று கேட்பார்கள். தாத்தாவிடம் ஒரு காலத்தில் இருந்த காகிதம் எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று இவனுக்கு எப்படித் தெரியும்? எல்லையோரச் சமூகங்களுக்கும் சோமாலி இனக் கென்யர்களுக்கும் இதே சோதனைதான் இருந்தது.

அட்டை இல்லாதவருக்குச் சொந்தப் பெயரில் சிம் இல்லை, எம்-பெசா இல்லை, வாக்கு இல்லை, முறையான வேலையும் இல்லை. நைரோபியில் பல அலுவலகக் கட்டடங்களின் வாசலில் காவலாளி அட்டையைக் கேட்டுப் பதிவேட்டில் எண்ணை எழுதிக்கொண்டுதான் உள்ளே விடுவார். வேலை கேட்டுப் போகிறவர் அந்த மேசையிலேயே திரும்பிவிட வேண்டியதுதான். நூபியக் குழந்தைகளின் நிலை பற்றிய புகாரில், 2011-லேயே ஆப்பிரிக்க ஒன்றியத்தின் குழந்தைகள் உரிமைக் குழு கென்ய அரசின் மேல் தவறு இருக்கிறது என்று முடிவு சொன்னது. நடைமுறை மாறவில்லை.

வடகிழக்கில் கரிஸ்ஸா பக்கம் பிரச்சினை வேறு மாதிரி. வறட்சிக் காலத்தில் சோமாலி இனக் கென்யக் குடும்பங்கள் சில, தடாப் அகதி முகாமில் உணவும் மருத்துவமும் கிடைக்கிறது என்று பிள்ளைகளை அகதிகளாகப் பதிந்தார்கள். பசிக்காகப் போன இடம் அது. அந்தக் குழந்தை பெரியவனாகி அட்டை கேட்டால், கைரேகை அகதிகள் பதிவேட்டில் பொருந்துகிறது. நீ கென்யன் இல்லை என்று கணினி சொல்கிறது. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் பல்லாயிரம் பேர்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிறகு நடந்த வழக்கில் முன்னால் நின்றவர்கள் தொழில்நுட்பத்தை வெறுத்தவர்கள் இல்லை. ஒரு பதிவேட்டில் இடம் கிடைக்காமல் போனால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று ஏற்கெனவே அனுபவித்தவர்கள்.

2018 கடைசியில் எடுத்த முடிவு

அரசின் தரப்பிலும் நியாயம் இருந்தது. ஒரே ஆளின் விவரம் வரித்துறையில் ஒரு விதமாக, ஓய்வூதிய நிதியில் வேறு விதமாக, மருத்துவக் காப்பீட்டில் இன்னொரு விதமாகக் கிடந்தது. சம்பளப் பட்டியலில் இல்லாத ஊழியர்களின் பெயர்கள் இருந்தன. 2013-ல் வெஸ்ட்கேட் வணிக வளாகம், 2015-ல் கரிஸ்ஸா பல்கலைக்கழகம் என்று பயங்கரவாதத் தாக்குதல்கள் வேறு. யார் யார் நாட்டுக்குள் இருக்கிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும் என்ற அழுத்தம் பலமாக இருந்தது.

ஆனால் தேர்ந்தெடுத்த வழி விசித்திரமானது. இவ்வளவு பெரிய திட்டத்துக்குத் தனி மசோதா கொண்டுவரவில்லை. பல சட்டங்களில் சில்லறைத் திருத்தங்கள் செய்யும் ஒரு கூட்டுத் திருத்தச் சட்டத்துக்குள், நபர்கள் பதிவுச் சட்டத்துக்கு 9A என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அது 2019 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதே மாதம் நைரோபியில் ஒரு ஹோட்டல் வளாகத்தில் நடந்த தாக்குதலில் 21 பேர் இறந்தார்கள். அந்தச் சூழலில் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்பவரின் குரல் எடுபடுவது கடினம்.

திருத்தத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நாட்டு மக்களைப் பற்றிய உண்மைக்கு ஒரே மூலமாக இந்தப் பதிவேடு இருக்கும் என்றது. உடல் அடையாளம் என்பதில் கைரேகை, கையின் வடிவம், காதுமடலின் வடிவம், கருவிழி, குரல் அலை, மரபணு எல்லாம் அடங்கும் என்றது. வீடு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் குறித்துக்கொள்ளவும் இடம் வைத்தது. மரபணுவை எடுக்கும் வசதி தங்களிடம் இல்லை என்று அரசுத் தரப்பு பிறகு நீதிமன்றத்தில் சொன்னது. வசதி இல்லாததை எதற்குச் சட்டத்தில் எழுத வேண்டும்? மக்களைப் பயமுறுத்தியதைத் தவிர அந்த ஒரு சொல்லால் திட்டத்துக்கு எந்தப் பயனும் கிடைக்கவில்லை.

இன்னொன்று இல்லாமல் இருந்தது. 2010 அரசியலமைப்பின் 31-வது பிரிவு தனியுரிமையை அடிப்படை உரிமையாகச் சொன்னது. ஆனால் அதைச் செயல்படுத்தும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பல ஆண்டுகளாக வரைவாகவே கிடந்தது. எடுத்த தரவை யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், தவறு நடந்தால் எங்கே போய்ப் புகார் சொல்வது என்பதற்கு விடை சொல்லும் சட்டம் 2019 தொடக்கத்தில் இல்லை.

ஏப்ரல் 2019: முதல் உத்தரவும் 45 நாள் வரிசையும்

நூபியர் உரிமை அமைப்பு, கென்ய மனித உரிமை ஆணையம் என்ற தன்னார்வ அமைப்பு, அரசியலமைப்பின் கீழ் இயங்கும் தேசிய மனித உரிமை ஆணையம் ஆகிய மூன்றும் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. மூன்று மனுக்களையும் ஒன்றாக்கி மூன்று நீதிபதிகள் கேட்டார்கள்.

ஏப்ரல் 1 அன்று இடைக்கால உத்தரவு வந்தது. பதிவை நிறுத்தவில்லை. ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, கெடு வைக்கக் கூடாது, பதியாதவருக்கு எந்தச் சேவையையும் மறுக்கக் கூடாது, மரபணுவும் இட விவரமும் எடுக்கக் கூடாது, எடுத்த தரவை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று நிபந்தனைகள் போட்டது. வழக்கு முடியும்வரை இரு தரப்புக்கும் இடம் விட்ட நடுநிலையான உத்தரவு அது.

அடுத்த நாளே குடியரசுத் தலைவர் நாடு தழுவிய பதிவைத் தொடங்கி வைத்தார். 45 நாள் என்று அறிவிப்பு. கெடு இல்லை என்று நீதிமன்றம் சொன்னதற்கும் இந்த 45 நாளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இது பதிவுக் காலம், கெடு அல்ல என்று விளக்கம். சரி. ஆனால் பொதுக்கூட்ட மேடைகளில் பேசியது வேறு. இந்த எண் இல்லாதவர் நாளைக்குப் பாஸ்போர்ட் வாங்க முடியாது, சிம் வாங்க முடியாது என்கிற மாதிரி பேச்சுகள் வந்துகொண்டிருந்தன. சட்டப்படி விருப்பம், நடைமுறையில் பயம்.

பதிவு நடந்தது சீஃப் அலுவலகங்களிலும் ஹுடுமா மையங்களிலும் மக்கள் கூடும் இடங்களிலும். முதலில் ஒரு படிவம். பெயர், பெற்றோர், திருமண நிலை, படிப்பு, வேலை என்று போய், விவசாயம் செய்கிறீர்களா என்பது வரை கேட்டது. அப்புறம் எழுத்தர் அதைக் கையடக்கக் கருவியில் ஏற்றி, பத்து விரல் ரேகையும் முகப்படமும் எடுப்பார். 6 வயதைத் தாண்டிய குழந்தைகளின் விரல்களும் வைக்கப்பட்டன. வயலிலும் கட்டட வேலையிலும் தேய்ந்த விரல்களைத் துடைத்துத் துடைத்துத் திரும்ப வைக்க வேண்டியிருக்கும். கையைப் பயன்படுத்திப் பிழைக்கிறவர்களிடம் இந்தத் தொல்லை எங்கும் உண்டு. நம் ரேஷன் கடைகளிலும் பார்த்ததுதான்.

கடைசி வாரத்தில் வரிசை கட்டுக்கடங்காமல் போனது. மே மாதக் கடைசி வரை நீட்டித்தார்கள். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அபார வெற்றி. ஆனால் அந்த வரிசையில் நிற்கவே தகுதி இல்லாதவர்கள் யார்? படிவத்தோடு காட்ட ஏற்கெனவே அட்டையோ பிறப்புச் சான்றிதழோ வேண்டும். இல்லாதவர்களுக்குத்தான் இந்த எண் மிகவும் தேவைப்பட்டிருக்கும். அவர்களை என்ன செய்வது என்று வழிகாட்டும் விதி எதுவும் அப்போது இல்லை.

ஜூலையில் ஹுடுமா மசோதா என்று ஒரு வரைவு வெளியானது. எண் தேவைப்படும் இடத்தில் எண் இல்லாமல் கொடுக்கல் வாங்கல் செய்தால் அபராதமும் சிறையும் என்று அதில் இருந்தது. மேடைப் பேச்சாக இருந்ததை அச்சில் பார்த்ததும், முன்பு அலட்சியமாக இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

விசாரணையில் தெரிய வந்தவை, ஜனவரி 2020 தீர்ப்பு

வழக்கில் இந்தியாவின் நிழல் நன்றாகவே விழுந்திருந்தது. மனுதாரர்கள் தரப்பில் சாட்சி சொல்ல, ஆதாரை ஆராய்ந்த ஓர் இந்தியக் கணினிப் பாதுகாப்பு வல்லுநர் வந்தார். எல்லோருடைய தரவையும் ஒரே இடத்தில் குவித்தால் அந்த ஓர் இடம் பழுதாகும்போது எல்லாமே நிற்கும் என்பதும், கைரேகை பொருந்தாதவர்கள் சேவைகளிலிருந்து விடுபட்டுப் போவார்கள் என்பதும் அவருடைய வாதத்தின் சாரம். நீதிமன்றத்தின் முன்னால் வெளிநாட்டு முன்மாதிரிகள் இரண்டு இருந்தன. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ஆதாரைச் சில வெட்டுகளோடு ஏற்றுக்கொண்டது. ஜமைக்கா நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தன் நாட்டு அடையாளச் சட்டத்தை முழுவதுமாக ரத்து செய்தது.

வழக்கு நடக்கும்போதே, 2019 நவம்பரில், தரவுப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளை ஒட்டி எழுதிய கறாரான சட்டம். அதன் 31-வது பிரிவு, மக்களின் உரிமைக்குப் பெரும் ஆபத்து வரக்கூடிய எந்தத் தரவுப் பணிக்கும் முன்னதாகவே தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்கிறது. என்ன எடுக்கிறோம், எதற்கு எடுக்கிறோம், எங்கே கசியலாம், யார் விடுபடலாம், அதற்கு என்ன ஏற்பாடு என்று எழுதி வைக்கும் ஆவணம் அது. வழக்கின் அழுத்தம் இல்லாமல் அந்தச் சட்டம் அந்த மாதத்தில் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

2020 ஜனவரி 30 அன்று தீர்ப்பு. மரபணுவும் வீட்டின் இட விவரமும் அரசியலமைப்புக்கு எதிரானவை என்று அந்த வரிகளை நீக்கினார்கள். திட்டத்தை முழுவதுமாகத் தள்ளவில்லை. மையப் பதிவேடா, பரவலான பதிவேடா என்பது அரசின் கொள்கை முடிவு, அதில் தலையிட மாட்டோம் என்றார்கள். பொதுமக்களிடம் போதுமான அளவு கருத்துக் கேட்கவில்லை என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. ஆனால் முறையான, விரிவான ஒழுங்குமுறைச் சட்டகம் வந்த பிறகுதான் திட்டத்தைத் தொடரலாம் என்று நிபந்தனை வைத்தார்கள். ஆவணம் இல்லாத ஒரு பகுதி மக்கள் விடுபட்டுப்போகும் ஆபத்து இருக்கிறது, அதைக் கையாளத் தெளிவான விதி இல்லை என்பதையும் தீர்ப்பில் எழுதினார்கள்.

இரண்டு தரப்புமே தாங்கள் வென்றதாகச் சொல்லிக்கொள்ள முடிந்த தீர்ப்பு. அரசு அதை வெற்றியாகவே எடுத்துக்கொண்டது. என் பார்வையில் இங்கேதான் ஒரு நல்ல வாய்ப்பு நழுவியது. விதிகளை எழுதுங்கள் என்ற வரியை, ஏதோ நிரப்பிக் கொடுக்க வேண்டிய படிவம் போல வாசித்துவிட்டார்கள்.

2020 நவம்பர்: அட்டை

2020 அக்டோபரில் விதிகள் அரசிதழில் வந்தன. நவம்பரில் நாட்டின் முதல் தரவுப் பாதுகாப்பு ஆணையர் பதவியேற்றார். அதே நவம்பரின் 18-ம் தேதி ஹுடுமா அட்டை விநியோகம் தொடங்குவதாக அமைச்சர்கள் அறிவித்தார்கள். ஓராண்டுக்குள், 2021 டிசம்பரோடு, பழைய அடையாள அட்டை செல்லாது என்றும் பேச்சு.

தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே விஷயம் புரியும். இந்தத் திட்டத்தை மேற்பார்க்க வேண்டிய ஆணையருக்கு அந்த மாதத்தில் அலுவலகமே முழுதாக அமையவில்லை. தாக்க மதிப்பீடு யாரும் செய்யவில்லை. தரவு 2019-லேயே எடுத்தாகிவிட்டது, சட்டம் அதற்குப் பிறகு வந்தது, எனவே மதிப்பீடு தேவையில்லை என்பது அரசின் நிலை. மேலோட்டமாகப் பார்த்தால் வாதம் சரியாகத்தான் தோன்றும்.

அக்டோபர் 2021: இரண்டாவது தீர்ப்பு

கட்டிபா இன்ஸ்டிட்யூட் என்ற அரசியலமைப்பு ஆய்வு அமைப்பும் ஒரு மூத்த சட்டப் பேராசிரியரும் இந்த ஒரே புள்ளியைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். அட்டையா வேண்டாமா, மையமா பரவலா என்ற பெரிய கேள்வி எதையும் எழுப்பவில்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-வது பிரிவின் கீழ் மதிப்பீடு செய்தீர்களா, இல்லையா? அவ்வளவுதான்.

2021 அக்டோபர் 14 அன்று உயர் நீதிமன்றம் அட்டை விநியோக முடிவை ரத்து செய்தது. தனியுரிமை 2010-லிருந்தே அடிப்படை உரிமை. அதைக் காக்கும் சட்டம் தாமதமாக வந்தது என்பதற்காக, அதற்கு முன் எடுத்த தரவுக்குப் பாதுகாப்பு இல்லாமல் போய்விடாது என்றது தீர்ப்பு. மாட்டுக்கு முன்னால் வண்டியைக் கட்டியது அரசுதான், அதன் விளைவையும் அரசுதான் ஏற்க வேண்டும் என்ற பொருளில் நீதிபதி எழுதினார். முதலில் மதிப்பீடு, அதன் பிறகே தரவைக் கையாள்வதும் அட்டை கொடுப்பதும் என்று உத்தரவு.

அதற்குள் அச்சான அட்டைகள் சிலரிடம் போய்ச் சேர்ந்திருந்தன, பதிந்த பலருக்கு வரவில்லை. கைக்கு வந்த அட்டையைக் காட்டினாலும் பல இடங்களில் பழைய அட்டையைத்தான் கேட்டார்கள்.

அதற்குப் பின்

2022 ஆகஸ்டில் தேர்தல், ஆட்சி மாற்றம். புதிய அரசு ஹுடுமா நம்பாவை விட்டுவிட்டு, 2023-ல் மைஷா நம்பா என்று கிளம்பியது. பிறக்கும்போதே எண், வளர்ந்த பின் அதே எண்ணோடு மைஷா அட்டை, கைபேசியில் மின்னணு அடையாளம் என்று திட்டம். வடிவமைப்பில் இது முந்தையதைவிட மேல். பிறப்புப் பதிவிலிருந்து தொடங்குவதால், ஏற்கெனவே பதிந்தவர்களைக் கூட்டமாக வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை.

ஆனால் பாடம் முழுதாக ஏறியதாகச் சொல்ல முடியவில்லை. 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மைஷா அட்டையையும் இடைக்காலமாக நிறுத்தியது. புகார் அதே புகார்: மதிப்பீடு எங்கே? 2024 பிப்ரவரியில் தடை நீங்கியது. ஜூலையில் இன்னொரு மனுவில் மறுபடி தடை, ஆகஸ்டில் மறுபடி நீக்கம். இந்த இழுபறியில் அடிபட்டவர்கள் அந்த ஆண்டு 18 வயதானவர்கள். அட்டை அச்சிடுவது நின்றதால் கல்லூரிக் கடனுக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்க முடியாமல் காத்திருந்தார்கள். நீதிமன்றத் தடைகளுக்கும் விலை உண்டு. அதைக் கொடுத்தது வழக்குப் போட்டவர்களும் இல்லை, அமைச்சகமும் இல்லை. மனுதாரர்களை ஆதரித்து எழுதுகிறவர்கள் இதைப் பேசாமல் கடந்துபோவது எனக்கு ஒப்பவில்லை.

இடையில் ஒரே இடத்தில் குவிப்பதன் ஆபத்தும் வேறொரு வழியில் தெரிந்தது. 2023 ஜூன் கடைசியில் ஈசிட்டிசனில் 5,000 சேவைகள் என்று அரசு பெருமையோடு அறிவித்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூலைக் கடைசியில் அனானிமஸ் சூடான் என்ற பெயரில் இயங்கிய குழு, போலிக் கோரிக்கைகளைக் கொட்டி அந்தத் தளத்தை முடக்கியது. தரவு எதுவும் போகவில்லை என்று அரசு சொன்னது. ஆனால் மின் விசா எடுக்க முடியாமல் வந்திறங்கிய பயணிகளுக்கு விமான நிலையத்திலேயே விசா கொடுக்க வேண்டியதாயிற்று. நைரோபி–மொம்பாசா ரயில் முன்பதிவும் முன்கட்டண மின்சாரம் வாங்குவதும் தடுமாறின. எம்-பெசா வழியாகப் பணம் கட்டுவதிலும் சிக்கல். சாட்சிக் கூண்டில் அந்த இந்திய வல்லுநர் பேசியது அடையாளப் பதிவேட்டைப் பற்றி. நின்றது சேவைத் தளம். ஆனாலும் காரணம் ஒன்றுதான்: எல்லாக் கதவுக்கும் ஒரே பூட்டு.

வடகிழக்கில் சரிபார்ப்புக் குழுக்களுக்கு முடிவு 2025 பிப்ரவரியில் வந்தது. அங்குள்ள வஜீரில் நடந்த கூட்டத்தில் குடியரசுத் தலைவர், அந்தப் பகுதி மக்களுக்கு இனி தனிச் சரிபார்ப்பு கிடையாது என்ற பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அதற்குப் புதிய கருவியும் வேண்டியிருக்கவில்லை, மென்பொருளும் வேண்டியிருக்கவில்லை.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

சரிபார்ப்பு நடைமுறையிலிருந்தே தொடங்குவேன். பிறப்புப் பதிவு, தாமதமான சான்றிதழ், அகதிகள் பதிவேட்டில் தவறாக மாட்டிக்கொண்ட குடிமக்களை விடுவிப்பது ஆகியவை கணினிக்கு முந்தைய வேலைகள். இவற்றை அப்படியே விட்டுவிட்டு மேலே மின்னணு அமைப்பைக் கட்டினால், பழைய சீஃப் அலுவலகத்தில் நடந்த மறுப்பு இப்போது திரையில் நடக்கும். முன்பாவது எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார், கெஞ்சிக் கேட்கலாம். நூபியர்கள் 2019-ல் நீதிமன்றத்தில் சொன்னது இதைத்தான்.

இரண்டாவது, தாக்க மதிப்பீடு. அதை ஒழுங்காகச் செய்யச் சில மாதங்கள் பிடிக்கும். அந்தச் சில மாதங்களை மிச்சம் பிடிக்கப் போய், 2019 முதல் 2021 வரை இரண்டு முழு ஆண்டுகள் போயின. மதிப்பீட்டைச் செய்திருந்தால் மரபணு என்ற சொல் சட்டத்தில் ஏறியிருக்காது, விவசாயம் பற்றிய கேள்வி படிவத்தில் வந்திருக்காது. ஒருவர் யார் என்று தெரிந்துகொள்ள அவர் பயிர் செய்கிறாரா என்பது எதற்கு?

மூன்றாவது, புதிதாக எடுப்பதற்கு முன் கையில் இருப்பதை இணைத்துப் பார்ப்பது. பல துறைகளின் பதிவுகளை இணைக்கும் மக்கள்தொகைப் பதிவு அமைப்பு ஒன்று கென்யாவில் ஏற்கெனவே இருந்தது. வயதுவந்தோரில் பெரும்பாலோரின் கைரேகை அடையாள அட்டைப் பிரிவில் இருந்தது. விடுபட்டவர்களை மட்டும் தேடிப் போயிருந்தால், வேலையும் குறைந்திருக்கும், போக வேண்டிய இடங்களுக்கும் போயிருக்கும்.

அரசுக்குள் இருப்பவர்களுக்கு இன்னொன்று. நீதிமன்றம் விருப்பம் என்று சொன்னால், வானொலி விளம்பரத்திலும் மேடையிலும் அந்தச் சொல் வர வேண்டும். கீழ்நிலை அலுவலர் தீர்ப்பைப் படிப்பதில்லை, அமைச்சரின் பேச்சைத்தான் கேட்கிறார்.

கடைசியாக, எடுத்த 3.7 கோடிப் பேரின் கைரேகையும் முகப்படமும். திட்டம் நின்றால் இந்தத் தரவை அழிப்பதா, வேறு பதிவேட்டுக்கு மாற்றுவதா, மாற்றினால் மறுபடி ஒப்புதல் கேட்பதா என்பதைத் தொடங்கும்போதே விதியில் எழுதியிருக்க வேண்டும். 2019 மே மாதம் வரிசையில் நின்றவரிடம் எழுத்தர் நீட்டிய படிவத்தில், விரலை வைப்பதற்கு முன்னால், அந்த வரி இருந்திருக்க வேண்டும்.